பிரசவத்திற்கு எந்த அட்டை செல்லும்?

இந்தத் தலைப்பில் எழுதப்போகிறேன் என்று ஆண்டிதழ்க் குழுவினரிடம் சொன்னபோது முதலில் சிரிப்புதான் பதிலாக வந்தது. திருமணமாகாத, இறுதியாண்டு படிக்கும் ஓர் ஆண்பிள்ளைக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பது கர்ப்பிணிகள் அமர்ந்திருந்த ஒரு கூடத்தில், கையில் எண் சீட்டும் மடியில் அக்காவின் கைப்பையுமாகப் பல காலைப்பொழுதுகளைக் கழித்தவன் நான். அங்கே கற்றுக்கொண்டதை எந்த விரிவுரை மண்டபத்திலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டு என் அக்கா முதல் முறையாகக் கருவுற்றார். அப்போது எனக்கு ‘பி’ லைசென்ஸ் கிடைத்து மூன்று மாதம். மாமாவுக்குச் சிங்கப்பூரில் வேலை; இரண்டு வாரத்திற்கு ஒருமுறைதான் வீட்டிற்கு வருவார். ஆகவே அக்காவுக்கு நான்தான் ஓட்டுநர். ஒரு தனியார் மருத்துவமனையில் பெண் மகப்பேறு மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அம்மாவின் ஒரே நிபந்தனை, மருத்துவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது. குளிரூட்டப்பட்ட அறை, இருபது நிமிடக் காத்திருப்பு, ஒவ்வொரு முறையும் வயிற்றிலுள்ள குழந்தையின் படம். பிரசவத்திற்கு ‘பேக்கேஜ்’ நான்காயிரத்து ஐந்நூறு வெள்ளி. “பரவாயில்லை, மெடிக்கல் கார்டு இருக்கே” என்றார் அக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து சம்பளத்தில் பிடித்துக் கட்டிவந்த அட்டை அது. விற்றவர் எங்கள் சொந்தக்காரர்.

அந்த அட்டை பிரசவத்திற்குச் செல்லாது என்பது ஆறாம் மாதத்தில்தான் தெரிந்தது. சொந்தக்காரர் ஏமாற்றவில்லை. பத்திரத்தில் தெளிவாகவே அச்சடித்திருந்தார்கள், நாங்கள்தான் படிக்கவில்லை. மலேசியாவில் விற்கப்படும் பெரும்பாலான மருத்துவ அட்டைகளில் கர்ப்பமும் பிரசவமும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கின்றன. சில நிறுவனங்கள் ஊழியர்களுக்குப் பிரசவச் செலவில் ஒரு தொகையைக் கொடுக்கின்றன. அக்காவின் நிறுவனம் அந்தச் சிலவற்றில் ஒன்று அல்ல. சொக்சோ எனப்படும் பெர்க்கேசோ வேலையிட விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் உரியது. பிள்ளை பெறுவது அதன் கணக்கில் வராது. ஊழியர் சேமநிதியில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கென்று பணம் எடுக்க வழியிருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளையின் பிரசவத்திற்கென்று அப்படித் தனி வழி இல்லை. 2024 மே மாதம் வந்த ‘ஃபிளெக்சிபல்’ கணக்கில் கையிருப்பு இருந்தால் எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். 2022-இல் அதுவும் கிடையாது.

சரி, சேமிப்பிலிருந்து கட்டிவிடலாம் என்றுதான் முடிவெடுத்தார்கள். நான்காயிரத்து ஐந்நூறு பெரிய தொகைதான், ஆனால் புரட்டக்கூடிய தொகை. முப்பத்தோராம் வாரம் அக்காவுக்குத் தலைவலி வந்தது. கண்ணில் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்றார். இரத்த அழுத்தம் 170-ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரில் புரதம் வெளியேறிக்கொண்டிருந்தது. பிரீ-எக்லம்ப்சியா என்றார் அந்த மருத்துவர். வலிப்பு வரலாம், தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து, குழந்தையைச் சீக்கிரம் எடுக்க வேண்டியிருக்கும் என்று விளக்கினார். ‘பேக்கேஜ்’ சிக்கலில்லாத பிரசவத்திற்கு மட்டும்தான். குறைமாதக் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்பணமாக மட்டும் முப்பதாயிரம் வெள்ளி கேட்டார்கள்.

அந்த மருத்துவரைக் குறைசொல்ல என்னால் முடியாது. அவரே தொலைபேசியை எடுத்து அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் பேசினார். குழந்தையின் நுரையீரல் வலுப்பெறப் போடும் ஊசியின் முதல் தவணையைப் போட்டு, கடிதம் எழுதி, ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினார். “வயிற்றிலேயே வைத்துக் கொண்டுபோவதுதான் நல்லது, வெளியே எடுத்த பிறகு கொண்டுபோவது கஷ்டம்” என்று என்னிடம் சொன்னார். நான் பின்னால் காரை ஓட்டிக்கொண்டு போனேன். கொவிட் கட்டுப்பாடுகள் முழுதாக விலகாத காலம் என்பதால் வாசலைத் தாண்டி என்னை விடவில்லை.

வாசலுக்கு வந்த தாதி கேட்ட முதல் கேள்வி, “புக்கு பிங்க் மானா?” என்பதுதான். அந்தப் பிங்க் புத்தகம் எங்களிடம் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஏழு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கொஞ்சம் கடிந்துகொண்டார். பிறகு அவரே ஒரு புதுப் புத்தகம் எடுத்து, முப்பத்தோராம் வாரக் கட்டத்தில் முதல் எழுத்தை எழுதினார். அதற்கு முன்னிருந்த கட்டங்களெல்லாம் காலி. அந்தப் புத்தகத்தை அக்கா இன்னும் வைத்திருக்கிறார்.

இரண்டு நாளில் அறுவை சிகிச்சை. குழந்தை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. நான்கு வாரம் இன்குபேட்டரில் இருந்தது. இன்று என் மருமகளுக்கு மூன்று வயது. வீட்டில் அவள் ஏறாத மேசை இல்லை. எல்லாம் முடிந்து அரசாங்க மருத்துவமனை கொடுத்த மொத்தக் கட்டணச் சீட்டு நானூறு வெள்ளிக்கும் குறைவு.

இங்கேதான் என் கருத்துக்கு வருகிறேன். இந்நாட்டில் பொது மருத்துவக் காப்புறுதி என்று தனியாக ஒன்றும் இல்லை என்று நாம் பேசிக்கொள்கிறோம். பிரசவத்தைப் பொறுத்தவரை இருக்கிறது. அட்டைக்குப் பதிலாக ஒரு புத்தகமாக இருக்கிறது. சந்தா இல்லை, முகவர் இல்லை, விலக்குப் பட்டியலும் இல்லை. கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கர்ப்பகாலப் பரிசோதனை இலவசம். அங்கிருந்து அரசாங்க நிபுணரிடம் அனுப்பினால் முதல் வருகைக்குக் கட்டணமில்லை. அடுத்தடுத்து ஐந்து வெள்ளி. தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்கு முப்பது வெள்ளி. மூன்றாம் வகுப்புக் கட்டில் நாளொன்றுக்கு மூன்று வெள்ளி. தேநீர்க்கடைப் பேச்சில் ‘ஓசி ஆஸ்பத்திரி’ என்று நாம் இளக்காரமாகச் சொல்வது இதைத்தான்.

இந்த வலை சும்மா வந்ததல்ல. என் பாட்டி தோட்டத்து லயத்தில் பிள்ளை பெற்றவர். மருத்துவச்சி கைகொடுப்பார், நிலைமை மோசமானால் தோட்டத்து டிரசரைக் கூப்பிடுவார்கள், அதற்கும் மேலே போனால் லாரி. பாட்டிக்குப் பிறந்தவர்கள் ஒன்பது பேர், நிலைத்தவர்கள் ஆறு பேர். சுதந்திரம் பெற்ற 1957-இல் இந்நாட்டில் நூறாயிரம் பிரசவங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1990-களுக்குள் அது ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. மலேசியாவும் இலங்கையும் இதை எப்படிச் சாதித்தன என்று உலக வங்கி 2003-இல் தனி நூலே வெளியிட்டது. அதை எழுதிய குழுவுக்குத் தலைமையேற்றவர் நம் நாட்டு மருத்துவர் இந்திரா பத்மநாதன். கம்பத்துக்குக் கம்பம் பயிற்சி பெற்ற தாதிகள், அவர்களிடமிருந்து மருத்துவமனைக்கு ஒரு நேர்ப்பாதை, 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஏன் என்று விசாரிக்கும் முறை. தேசம் செய்த நல்ல காரியங்களைப் பட்டியலிட்டால் இதை முதல் ஐந்துக்குள் வைப்பேன். அப்படியிருக்க, தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்து, பட்டம் வாங்கி, சம்பளம் வாங்கத் தொடங்கியதும் நாம் முதலில் கழற்றி எறிவது இந்த வலையைத்தான்.

காரணம் பணமல்ல, கௌரவம். “ரெண்டு பேரும் வேலை செய்யறீங்க, கவர்மெண்டுக்கா போறீங்க?” என்று கேட்க ஓர் அத்தை எப்போதும் இருப்பார்.

2024-இல் அக்கா இரண்டாம் முறை கருவுற்றபோது ஒன்பதாம் வாரமே கிளினிக் கெசிஹாத்தானில் பதிந்தோம். இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழின் நகல், அவ்வளவுதான். முகப்பில் இருந்த தாதி என்னைப் பார்த்து, “சுவாமி கெ?” என்றார். கடவுளைக் கேட்கவில்லை, கணவரைக் கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு விநாடி ஆயிற்று. தம்பி என்றதும் சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

முதல் நாளே இரத்தம் எடுத்தார்கள்: இரும்புச் சத்து, இரத்த வகை, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி. பழைய கதையைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தின் முகப்பில் பச்சை ஒட்டினார்கள். இந்த வண்ணக் குறியீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்வார். பச்சை என்றால் கிளினிக்கின் மருத்துவர். மஞ்சள் என்றால் மருத்துவமனை நிபுணர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனையில் சேர வேண்டும். நிபுணரைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. வண்ணம் மாறினால் நிபுணரிடம் அவர்களே அனுப்புகிறார்கள். அன்றே அக்காவுக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பற்றிச் சொன்னார்கள். முன்பு பிரீ-எக்லம்ப்சியா வந்தவர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தினமும் எடுத்தால் மீண்டும் வரும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் பதினாறாம் வாரத்திற்கு முன்பே தொடங்கினால்தான் பெரும்பலன். ஐந்தாம் மாதம், வளைகாப்புப் பேச்சு வரும்போது பதிந்துகொள்ளலாம் என்று இருப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

பிறகு சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம். 25 வயதைத் தாண்டிய கர்ப்பிணிகள் அனைவருக்கும் இது உண்டு. நமக்கு மிக வேண்டியதும் இதுதான். 2019-இன் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே மட்டும் 31.4 விழுக்காடு.

இருபத்தெட்டாம் வாரம் அழுத்தம் ஏறியது. பச்சை மஞ்சளாயிற்று. மாத்திரை கொடுத்தார்கள்; நிபுணரிடம் அனுப்பினார்கள். முப்பத்தேழாம் வாரத்தில் பையன் பிறந்தான். எடை இரண்டே முக்கால் கிலோ. பிரசவம் பார்த்தவர் ஓர் இளம் ஆண் மருத்துவர். அம்மாவிடம் அதை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னோம். “பிள்ளை நல்லாயிருக்கில்ல” என்று கேட்டுவிட்டு மிளகு ரசம் வைக்கப் போய்விட்டார். வீட்டிற்கு வந்த பிறகும் விடவில்லை. தாதி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து தையலையும் தொப்புளையும் பார்த்து, பாலூட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார், ஒருமுறையல்ல, பலமுறை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. காலை ஏழுக்கு எண் வாங்கினால் சில நாள் ஒருமணி ஆகும். இன்று பார்த்த மருத்துவர் அடுத்த முறை இருக்கமாட்டார். கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கட்டணம் செலுத்தி நிபுணரைத் தேர்ந்தெடுக்கும் திட்டமொன்று 2007-இல் புத்ராஜெயா, செலாயாங் மருத்துவமனைகளில் தொடங்கியது. ஆனால் அது எல்லா இடத்திலும் இல்லை, எல்லார் பைக்கும் எட்டுவதுமில்லை. சில தாதிகளின் வாய் கொஞ்சம் நீளம். எடை கூடியதற்காக ஓர் அக்காவை நாற்பது பேர் முன்னிலையில் திட்டியதை நானே பார்த்தேன். அந்த அக்கா அடுத்த மாதம் வரவில்லை. நிபுணர்கள் தனியார் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்த மருத்துவர்கள் 2021 ஜூலையில் ‘ஹர்த்தால்’ செய்து வீதிக்கு வந்ததை நாம் அனைவரும் பார்த்தோம். இந்த வலையில் ஓட்டைகள் விழுகின்றன. அதைப் பேச வேண்டியவர்கள் வாக்குரிமையுள்ள நாம்தான். அதைப் பயன்படுத்தாதவன் அதற்காகக் குரல் கொடுக்கமாட்டான் என்பதும் என் சந்தேகம்.

இன்னொரு தயக்கத்தையும் கேள்விப்பட்டேன். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டு, திருமணத்தைப் பதியாதவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம் என்ற பிறகும்! சான்றிதழ் கேட்பார்களே என்று பயந்து கிளினிக் பக்கமே போகாமல் இருந்த ஒரு பெண்ணை அம்மாவே கையைப் பிடித்து அழைத்துப் போனார். புத்தகம் கொடுத்தார்கள், பார்த்தார்கள். பதிவை எப்போது செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

பொருளாதாரம் படிக்கும் நண்பர்கள், சிங்கப்பூரைப் போல, மேலை நாடுகளைப் போல நமக்கும் ஒரு காப்புறுதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். மாமாவோடு வேலை செய்யும் சிங்கப்பூரர் ஒருவர் தம் மனைவியின் பிரசவத்திற்கு மெடிசேவ் கணக்கிலிருந்து பணம் கட்டினார். கடுமையான கர்ப்பகாலச் சிக்கல்களுக்கு 2019 ஏப்ரல் முதல் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் அங்கே உதவுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அமெரிக்காவையும் பாருங்கள். அங்கே ஏறத்தாழ பத்துப் பிரசவங்களில் நான்கிற்கு மெடிக்கேய்ட் என்ற அரசாங்கக் காப்புறுதிதான் பணம் கட்டுகிறது. ஆயினும் அது தரும் தொகை குறைவு என்று அந்த அட்டையை ஏற்காத மகப்பேறு மருத்துவர்கள் பலர். அட்டை கையில் இருக்கும்; அதை ஏற்கும் மருத்துவரைத் தேடி ஒரு கர்ப்பிணி ஒவ்வோர் எண்ணாகச் சுழற்றிக்கொண்டிருப்பாள். வாரங்கள் ஓடிவிடும்.

இங்கேயும் பேச்சு புதிதல்ல. 2011, 2012 வாக்கில் ‘1கேர்’ என்ற திட்டம் எதிர்ப்பில் அடிபட்டுப் போனது. 2023 ஜூனில் சுகாதார வெள்ளை அறிக்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாளை ஏதாவது ஒரு காப்புறுதி வரலாம். வந்தால் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். பிரசவம் அதில் உண்டா? அட்டையைக் காட்டும் பெண்ணை எந்த நிபுணர் பார்த்தே ஆக வேண்டும்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் எனக்கு அந்தப் பிங்க் புத்தகமே போதும்.

தனியாரிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வசதியிருந்தால் போங்கள். பெண் மருத்துவர்தான் வேண்டுமென்றால் அது உங்கள் உரிமை. ஆனால் பன்னிரண்டு வாரத்திற்குள் கிளினிக் கெசிஹாத்தானிலும் பதிந்துவையுங்கள். இரண்டு இடத்திலும் பார்ப்பதை அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. எங்களோடு வரிசையில் அமர்ந்திருந்தவர்களில் பலர் அப்படித்தான். தனியார் பரிசோதனை முடிவுகளைப் புத்தகத்திலேயே செருகிவைத்தால் நள்ளிரவில் வாசலில் நிற்கும் தாதிக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருக்கும். திருமணமான, ஆகப்போகிற ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: உங்கள் மெடிக்கல் கார்டின் விலக்குப் பக்கத்தை இன்றிரவு எடுத்துப் படியுங்கள்.

நம் தமிழ்மொழிக் கழகத்திடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. கலை இரவுக்கும் பொங்கலுக்கும் நாம் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பங்கு போதும், நான்கு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு போட்டுவிடலாம். கூடத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள் மலாயில்தான் இருக்கின்றன. எனக்குப் பிரச்சினையில்லை, பக்கத்தில் அமர்ந்திருந்த, ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் மட்டும் படித்த அக்காவுக்கு இருந்தது. சர்க்கரைப் பரிசோதனைக்கு முதல் நாள் இரவு பத்துக்கு மேல் சாப்பிடக்கூடாது என்ற வரியை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். அவர் காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். இன்னொரு நாள் லீவு, இன்னொரு நாள் சம்பளம் போயிற்று.

மருத்துவப் பீடத்து மாணவிகள் இருவர் சரிபார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அந்தப் பரிசோதனைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. ‘குளுக்கோஸ் சகிப்புத்திறன் சோதனை’ என்றார் ஒருவர். கூடத்தில் அமர்ந்திருக்கும் பெண்கள் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: ‘சீனித் தண்ணி டெஸ்ட்’. கையேட்டில் அப்படியே போடலாம் என்பது என் கட்சி.